கை நடுங்கட்டும், டிரிகரை இழு!

“எனக்குக் கை நடுங்கும். ஏர்பிரஷ் எல்லாம் நமக்குச் சரிப்பட்டு வராது.”

பிளாஸ்டிக் மாடல் செய்கிறவர்கள் நாலு பேர் கூடினால் ஒருவர் வாயிலிருந்தாவது இந்த வார்த்தை வந்துவிடுகிறது. கேட்கும்போதெல்லாம் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. ஆசை ஆசையாகச் சேர்த்த காசில் கம்ப்ரஷர் வாங்கியிருப்பார். ஜப்பானிலிருந்து வரவழைத்த கிட்டுகள் அலமாரியில் அடுக்கியிருக்கும். ஏர்பிரஷ் மட்டும் டப்பாவுக்குள் தூங்கும். ஏன் என்று கேட்டால் கையை நீட்டிக் காட்டுவார். நண்பா, உன் கைமேல் ஒரு குற்றமும் கிடையாது. பத்து நிமிஷம் அடித்துப் பார்த்து, பெயிண்ட் சிலந்திக்கால் விட்டு ஓடியதும் ‘நமக்கு வராது’ என்று தீர்ப்பெழுதியது உன் மனசு. அந்தத் தீர்ப்பைக் கிழித்துப் போடத்தான் இதை எழுதுகிறேன்.

நடுக்கத்திலிருந்தே ஆரம்பிப்போம். மனிதனாகப் பிறந்த எவருடைய கையும் நடுங்கும். விரலை நீட்டிப் பிடித்தால் விநாடிக்கு ஏறக்குறைய 8 முதல் 12 தடவை அது மிக நுண்ணியதாக அதிர்கிறது. உடம்பின் இயல்பு அது. கண்ணில் அறுவை செய்யும் மருத்துவருக்கும் உண்டு. கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவருக்கும் உண்டு. காபி கூடினால் கூடும், பசித்தால் கூடும், தூக்கம் கெட்டால் கூடும், பயந்தால் இன்னும் கூடும். (நோயால் வருகிற நடுக்கம் வேறு; சந்தேகம் இருந்தால் மருத்துவரைப் பார், தள்ளிப்போடாதே.) அந்த மருத்துவரும் கடிகாரக்காரரும் நடுக்கத்தை ஒழித்துவிட்டா வேலைக்கு உட்கார்ந்தார்கள்? கையை அந்தரத்தில் விடாமல் மணிக்கட்டுக்கு ஒரு தாங்கல் கொடுத்தார்கள். அவ்வளவுதான் ரகசியம். தாங்கல் கொடுத்துக்கொள்ள உனக்கும் ஒரு மேஜை இருக்கிறது, இன்னொரு கை இருக்கிறது. இனி அந்தச் சாக்கை என்னிடம் கொண்டுவராதே!

சின்ன வேலையாக எடுத்து மெல்ல மெல்லப் பழகலாம் என்று சொல்ல மாட்டேன். ஏர்பிரஷ் பிடிக்கிறவர்களின் நெஞ்சைப் படபடக்க வைக்கும் வேலை ஒன்று உண்டு. அதையே இலக்காக வை. மாக்கி சி.202 ஃபோல்கோரே, இரண்டாம் உலகப் போரில் இத்தாலி பறக்கவிட்ட சண்டை விமானம். வடிவமைத்தவர் மாரியோ கஸ்டோல்டி. 1934இல் மணிக்கு 709 கிலோமீட்டர் வேகத்தில் பறந்து, பிஸ்டன் இன்ஜின் கடல்விமானங்களில் இன்றுவரை யாரும் முறியடிக்காத சாதனையைப் படைத்த எம்.சி.72ஐ வரைந்ததும் இதே மனிதர்தான். சி.202 முதன்முதலாகப் பறந்தது 1940 ஆகஸ்டில். 1941 முடிவதற்குள் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்துக்குப் போய்விட்டது. அங்கே அது போட்டுக்கொண்டு போன வேஷத்தைப் பார்க்க வேண்டும். மேலே முழுக்க மணல் நிறம். அந்த மணலின்மேல் கரும்பச்சையில் வளையம் வளையமாக, உடலிலும் இறக்கையிலும் நூற்றுக்கணக்கில் புகை வளையங்கள். வயிற்றுப்புறம் வெளிர்நீலச் சாம்பல். ஸ்மித்சோனியன் விமான அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் ஒரு சி.202 இருக்கிறது, படங்களைத் தேடிப் பார், கண் அகலாது.

இதை 1/72 அளவில் செய்வது என்றால் என்ன என்று கணக்குப் போட்டுப் பார். நிஜ விமானத்தின் இறக்கை நீளம் 10.58 மீட்டர். உன் மேஜையில் அது 14.7 சென்டிமீட்டர். நிஜத்தில் அரை மீட்டர் அகலமுள்ள வளையம் உனக்கு 7 மில்லிமீட்டர். 7 சென்டிமீட்டர் தடிமனில் அடித்த கோடு, உன்னிடம் ஒரே ஒரு மில்லிமீட்டர். மாஸ்கிங் டேப் இங்கே உதவாது. ஸ்டென்சில் வெட்டி வைத்தால் எல்லா வளையமும் ஒரே அச்சாக விழுந்து, பொய் தூரத்திலிருந்தே தெரியும். வெறும் கை, வெறும் காற்று, ஒரு ஊசி. இவை மூன்றும்தான் உன் படை.

மலைத்துப் போகாதே. இந்த வளையங்களை நிஜ விமானத்தில் அடித்தவர்கள் யார் என்று யோசி. வரேசேயில் மாக்கி, மிலான் பக்கத்தில் பிரேடா, அம்ப்ரியாவில் ஸாய்-அம்ப்ரோசினி என்று மூன்று நிறுவனங்கள் இந்த விமானத்தைக் கட்டின. அங்கே வேலை பார்த்த தொழிலாளர்கள் ஸ்பிரே கன்னைப் பிடித்துக்கொண்டு வெறுங்கையால் வளைத்தார்கள். காம்பஸ் வைக்கவில்லை. அதனால்தான் ஒரு விமானத்தின் வளையம் இன்னொன்றில் இல்லை. ஒன்று முட்டை வடிவில் நெளியும், ஒன்று மூடாமல் பாதியில் நிற்கும், இரண்டு ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். எந்த ஆலையில் செய்தது என்பதை வளையத்தின் வாகைப் பார்த்தே சொல்லிவிடுகிற மாடலர்கள் இருக்கிறார்கள். நீ பயந்துகொண்டிருந்த அந்தச் ‘சுத்தமான வட்டம்’ நிஜ விமானத்திலேயே கிடையாது! உன்னிடம் கேட்பதெல்லாம் மெல்லிய கோடும், தயங்காத ஓட்டமும்தான். இரண்டும் பழகினால் வருபவை. பிறவியிலேயே யாருக்கும் வந்ததில்லை.

இப்போது கருவியைக் கையில் எடு. அதன் பின்பக்கக் கைப்பிடியைத் திருகிக் கழற்று. உள்ளே ஊசியைப் பிடித்திருக்கும் நட்டைத் தளர்த்தி, ஊசியைப் பின்புறமாக மெதுவாக உருவு. வெளிச்சத்தில் நீட்டிப் பார். முனையில் கடைசிச் சில மில்லிமீட்டர் மட்டும் கூராகச் சரிந்து வருகிறது இல்லையா? உன் கட்டுப்பாடு அத்தனையும் அந்தச் சரிவில்தான் இருக்கிறது. அந்த முனை போய் அடைக்கும் நாசிலின் துளை 0.3 மில்லிமீட்டர் என்று வை. ஊசி முழுதாக முன்னால் இருக்கும்போது துளை அடைபட்டிருக்கும். டிரிகரைப் பின்னால் இழுக்க இழுக்க ஊசி பின்வாங்கும். சரிவுக்கும் துளைக்கும் நடுவே தலைமயிர் அளவுக்கு ஒரு வளைய இடைவெளி திறக்கும். நாசிலைச் சுற்றிப் பாய்கிற காற்று அங்கே அழுத்தத்தைக் குறைத்து, அந்த இடைவெளி வழியாகப் பெயிண்டை உறிஞ்சி இழுத்துத் தூளாக்குகிறது. டிரிகரை அமுக்கினால் காற்று, பின்னால் இழுத்தால் பெயிண்ட். டபுள் ஆக்‌ஷன் ஏர்பிரஷ்ஷின் முழுக் கதையும் இவ்வளவுதான். முனை துளி வளைந்திருந்தாலும் பெயிண்ட் ஒரு பக்கமாகச் சாய்ந்து பீச்சும். நீ கையைத் திட்டுவாய். ஊசியைக் கண்ணாடிமேல் படுக்கவைத்து உருட்டு. முனை துள்ளினால் வளைவு இருக்கிறது. எத்தனை பேர் வளைந்த ஊசியை வைத்துக்கொண்டு தங்கள் பிறவியை நொந்திருக்கிறார்கள்!

இந்தக் கருவி பெரிய ஆய்வுக்கூடத்தில் பிறந்ததும் இல்லை. 1879இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் அப்னர் பீலர் என்கிற மனிதர் கையால் செய்துபார்த்த ஒன்றிலிருந்து இந்தப் பரம்பரை ஆரம்பிக்கிறது. 1890களில் சார்லஸ் பர்டிக் அதற்கு இன்றைய உருவத்துக்கு நெருக்கமான வடிவம் கொடுத்தார். அந்தக் காலத்து ஆட்கள் அதை வைத்துப் புகைப்படங்களுக்கு மெருகேற்றினார்கள், ஓவியம் வரைந்தார்கள். உன் கையில் இருப்பது அவர்கள் கனவிலும் காணாத துல்லியம் கொண்டது. ‘இன்னும் விலை கூடிய பிரஷ் வாங்கினால் வந்துவிடும்’ என்று மறுபடியும் கடைப் பக்கம் போகாதே. நல்ல நிலையில் இருக்கும் சாதாரண 0.3 போதும். பழகாத கைக்கு 0.2 கொடுத்தால் அடிக்கடி அடைத்துக்கொண்டு ஆத்திரத்தைத்தான் கிளப்பும்.

விரலுக்கு வருவோம். பெரும்பாலானவர்கள் தோற்கும் இடம் இதுதான், ஜெயிக்கப்போகும் இடமும் இதுதான். மார்கழிக் காலையில் வாசலில் சிக்குக் கோலம் போடுகிற அம்மாவின் கையைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? கோலமாவு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இறங்குகிறது. மாவு விழத் தொடங்கும் முன்பே கை நகரத் தொடங்கிவிடும். புள்ளியைச் சுற்றும்போது கை நிற்பதே இல்லை. நின்றால் அங்கே மாவு குவியும். இழை முடிகிற இடத்தில் விரல் இறுகி மாவு நின்ற பிறகும் கை இன்னும் கொஞ்சம் ஓடித்தான் ஓய்கிறது. கண்ணோ விழுகிற மாவைப் பார்ப்பதில்லை, அடுத்த புள்ளியைப் பார்க்கிறது. ஏர்பிரஷ் கட்டுப்பாட்டுக்கு இதைவிட நல்ல பாடம் உலகத்தின் எந்த மூலையிலும் இல்லை. இதைப் பார்த்து வளர்ந்த நீ ‘எனக்கு வராது’ என்று சொல்லலாமா?

அந்த ஒழுங்கை அப்படியே டிரிகருக்குக் கொண்டுவா. முதலில் அமுக்கு, காற்று வரட்டும். காற்று ஓடிக்கொண்டிருக்கும்போதே கையை நகர்த்து. நகரும் கையோடு டிரிகரை மயிரிழை பின்னால் இழு. கோடு முடியும் இடத்தில் டிரிகரை முன்னால் தள்ளிப் பெயிண்டை நிறுத்து. காற்று மட்டும் இன்னும் ஓடட்டும். கடைசியாகத்தான் விரலை எடு. காற்றில் தொடங்கிக் காற்றில் முடி. பெயிண்டை நிறுத்தாமல் காற்றை முதலில் விட்டுவிட்டால் நாசில் முனையில் ஒரு சொட்டு தங்கிவிடும். அடுத்த தடவை நீ அமுக்கியதும் அந்தச் சொட்டு ‘தப்’பென்று மாடல்மேல் தெறிக்கும். அந்தத் தெறிப்பைப் பார்த்துத்தான் பாதிப் பேர் ஏர்பிரஷ்ஷை டப்பாவில் போட்டு மூடினார்கள். ஒரு விரல் பழக்கத்துக்காக ஒரு கலையையே விட்டுவிட்டார்கள். வயிறு எரிகிறது எனக்கு. உன் பிரஷ்ஷின் பின்பக்கத்தில் ஊசியின் பின்வாங்கலைக் கட்டுப்படுத்தும் திருகு இருந்தால், ஆரம்ப நாட்களில் வெட்கப்படாமல் அதைத் திருகி வைத்துக்கொள்.

அடுத்தது தூரம், அழுத்தம், பெயிண்டின் நீர்மை. இந்த மூன்றையும் தனித்தனியாகப் பார்க்கிறவன் காலமெல்லாம் தடுமாறுவான். மூன்றும் ஒரே கயிற்றில் கட்டியவை. ஒன்றை அசைத்தால் மற்ற இரண்டையும் அசைத்தாக வேண்டும்.

பெயிண்ட் கூம்பாக விரிந்து போகிறது. 10 சென்டிமீட்டரிலிருந்து அடித்தால் விழுகிற வட்டத்தைவிட, 5 சென்டிமீட்டரில் விழும் வட்டத்தின் பரப்பு கால்வாசி. அதே அளவு பெயிண்ட் விட்டால் நான்கு மடங்கு கனமாக விழும், ஓடும், வழியும். அதனால் கிட்டே போகப் போகப் பெயிண்டைக் குறைக்க வேண்டும். கையை வேகப்படுத்த வேண்டும். புகை வளையத்துக்கு நீ மாடலிலிருந்து ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தூரத்துக்கு நெருங்க வேண்டியிருக்கும். அவ்வளவு கிட்டே 20 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் காற்றை விட்டால், விழுந்த பெயிண்டைக் காற்றே அடித்து விரட்டிச் சிலந்திக்கால் கிளப்பும். ஆகவே 10, 12 பி.எஸ்.ஐ.க்கு இறக்கு. இறக்கிய அழுத்தத்தால் கெட்டியான பெயிண்டைத் தூளாக்க முடியாது. பொடிப் புள்ளிகளாகத் துப்பும். ஆகவே பெயிண்டை இளக்கு. டமியா அக்ரிலிக் என்றால் ஒரு பங்குக்கு இரண்டு, மூன்று பங்குகூடத் தின்னர் போகலாம். கிண்ணத்தைச் சாய்த்துச் சுவரில் ஏற்றி இறக்கிப் பார்; நிறம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு மிச்சமெல்லாம் தடையில்லாமல் வழிய வேண்டும். வலேஹோ போன்ற நீர் அக்ரிலிக்கில் லாக்கர் தின்னரை ஊற்றிவிடாதே, திரிந்து கட்டி கட்டும். அதற்கு அதன் தின்னரைத்தான் கொடுக்க வேண்டும். இன்னொன்று: அழுத்தத்தை டிரிகரை அமுக்கிப் பிடித்துக்கொண்டு பார். சும்மா இருக்கும்போது காட்டும் எண்ணும் காற்று ஓடும்போது காட்டும் எண்ணும் ஒன்றாக இருக்காது. ஓடும்போது காட்டுவதுதான் உன் எண்.

இப்போது சொல்வதைக் கவனமாகக் கேள். ஏர்பிரஷ் உன்னை ஒருபோதும் அவமானப்படுத்துவதில்லை. அது உன்னிடம் பேசுகிறது. சிலந்திக்கால் விட்டால் ‘பெயிண்ட் அதிகம், காற்று அதிகம், கை மெதுவு’ என்கிறது. மேற்பரப்பு மணல் மணலாகச் சொரசொரத்தால் ‘தூரத்தில் நிற்கிறாய், வந்து சேர்வதற்குள் காய்ந்துவிடுகிறேன்’ என்கிறது. கோட்டின் ஓரம் பஞ்சாகப் பரவினால் ‘இன்னும் கிட்டே வா’ என்கிறது. பெயிண்ட் விட்டு விட்டு வந்தால் ‘முனையைத் துடை’ என்கிறது. கிண்ணத்தில் குமிழி கொப்பளித்தால் ‘நாசில் சரியாக இறுகவில்லை, அல்லது எங்கோ அடைத்திருக்கிறது’ என்கிறது. ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரு காரணம், ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு மருந்து. இந்தப் பட்டியலில் எங்காவது ‘நீ லாயக்கில்லாதவன்’ என்று ஒரு வரி இருக்கிறதா? தேடிப் பார். கிடைக்காது!

நம் ஊர் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய குறிப்புகளை அப்படியே பின்பற்றி, சரியாக வரவில்லை என்று துவண்டுபோனவர்கள் நம்மில் அதிகம். சித்திரை வெயிலில் அக்ரிலிக் நாசில் முனையிலேயே காய்ந்துகொள்ளும். அதற்குக் காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் ஓரிரு சொட்டு. பக்கத்திலேயே தின்னரில் நனைத்த பட்ஸ். சில கோடுகளுக்கு ஒரு தடவை, காற்றை நிறுத்திவிட்டு முனையில் ஒரு துடைப்பு. சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் காற்றில் இருக்கும் ஈரம் கம்ப்ரஷருக்குள் அழுத்தப்பட்டு, குழாயில் தண்ணீராகி, நல்ல வேலையின் நடுவில் ஒரு சொட்டாக வந்து விழும். வாட்டர் ட்ராப் இல்லாமல் உட்காராதே. இருந்தால் அதில் சேர்ந்த தண்ணீரை மறக்காமல் இறக்கு. மழைநாளில் லாக்கர் அடித்தால் மேலே வெள்ளை பூத்துக்கொள்ளும். அன்றைக்குப் பெயிண்டை மூடிவைத்துவிட்டுப் பயிற்சிக் கோடு போடு. காலை வேளை நல்லது. டாங்க் இல்லாத சின்னக் கம்ப்ரஷர் விட்டு விட்டுத் துடிக்கும். மெல்லிய கோட்டில் அந்தத் துடிப்பு தெரியும். காசு செலவழித்தே தீருவேன் என்றால் பிரஷ்ஷுக்குக் கொடுக்காதே, டாங்க் வைத்த கம்ப்ரஷருக்குக் கொடு.

உட்காரும் விதம். இரண்டு முழங்கையும் மேஜையில் ஊன்று. பிரஷ் பிடித்த மணிக்கட்டை மற்றக் கையால் தாங்கு, அல்லது சுண்டுவிரலை மாடலைப் பிடித்திருக்கும் கையில் முட்டுக்கொடு. இரண்டு கையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் இரண்டும் சேர்ந்தே நடுங்கும்; பிரஷ்ஷுக்கும் மாடலுக்கும் நடுவே இருக்கும் தூரம் மாறாது. காற்றுக் குழாயின் கனம் கையை இழுக்காதபடி அதை முன்கையில் ஒரு சுற்றுச் சுற்றிவிடு. மூச்சை அடக்காதே, அடக்கினால் உடம்பு விறைக்கும். மெதுவாக வெளியே விடு, விடும்போது கோட்டை ஓட்டு. டிரிகர்மேல் விரலை அறைந்து வைக்காதே. முதல் கணு மடங்கி, விரல் நுனியின் சதை மட்டும் அதில் பட வேண்டும். விரல் வெளுக்கும் அளவுக்கு அமுக்கினால் அங்கே உணர்ச்சி செத்துவிடும். உணர்ச்சி செத்த விரலால் கால் மில்லிமீட்டரை அளக்க முடியாது.

பிறகு பயிற்சி. தினமும் கொஞ்ச நேரம், ஆனால் தினமும். கிட்டைத் தொடவே தொடாதே. பிளாஸ்டிக் கரண்டி, பழைய ஷாம்பு பாட்டில், உடைந்துபோன மாடலின் இறக்கை ஆகியவற்றுக்குப் பிரைமர் அடித்து வைத்துக்கொள். முதலில் புள்ளி. பிரஷ்ஷை அசைக்காமல், காற்றை விட்டு, டிரிகரை இழுத்ததும் விட்டுவிடு. எள்ளளவு புள்ளி விழ வேண்டும். அதே அளவில் அடுத்தது, அதற்கடுத்தது. வரிசை முழுக்க ஒரே அளவாக வரும்வரை வேறு எதற்கும் போகாதே. அலுப்பாக இருக்கும். இருக்கட்டும்! வித்தை கேட்கும் கூலி அது, அழாமல் கொடு. புள்ளி பிடிபட்டதும் இரண்டு புள்ளியை இணைக்கும் கோடு. பிறகு தடித்துத் தொடங்கி மெலிந்து மறையும் கோடு. அடித்தபடி பிரஷ்ஷைக் கிட்டே கொண்டுபோய்க்கொண்டே டிரிகரை முன்னால் விட வேண்டும். விரலும் கையும் ஒன்றுக்கொன்று தெரிந்து வேலைசெய்யப் பழகுவது இந்தக் கோட்டில்தான். இதை நூறு தடவை ஒழுங்காகப் போட்டவனை எந்த வளையமும் மிரட்ட முடியாது. காகிதத்தில் பழகலாம்தான், ஆனால் காகிதம் பெயிண்டைக் குடித்து உன் தப்பை மறைத்துவிடும். பிளாஸ்டிக் மறைக்காது. உண்மையைச் சொல்கிற இடத்தில் பழகு.

மாஸ்க் விஷயத்தில் மட்டும் சமரசம் கிடையாது, இதைக் கோபமாகவே சொல்கிறேன். துணி மாஸ்க் தின்னர் ஆவியைத் தடுக்காது. கரிம ஆவியைப் பிடிக்கும் கார்ட்ரிட்ஜ் போட்ட ரெஸ்பிரேட்டர் வாங்கு. ஜன்னலைத் திற, வெளியே இழுக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் வை, பக்கத்தில் அடுப்போ ஊதுபத்தியோ எரியக் கூடாது. ‘சின்ன மாடல்தானே, ரெண்டு நிமிஷம்தானே’ என்று சொல்லி நுரையீரலை அடகு வைக்கிறவன் தன்னை மதிக்கவில்லை என்று அர்த்தம். தன்னை மதிக்காதவனுக்குத் தன்னம்பிக்கை எங்கிருந்து வரும்?

இனி மாக்கி. மாடல் நிறுவனமான ஹசேகாவா இந்த விமானத்தை 1/72லும் 1/48லும் கொடுத்திருக்கிறது. 1/48 முதலில் எடுத்தாலும் தவறில்லை. வளையம் சற்றுப் பெரிதாகும், பாடம் அதேதான். மணல் நிறத்தை அடித்து நன்றாகக் காயவிடு. அந்த மணல் கலவையில் கொஞ்சம் மூடி போட்டு எடுத்துவை, அது உன் ஆயுதம், பிறகு சொல்கிறேன். கரும்பச்சையைக் கலந்து, மாடலைத் தொடும் முன் கரண்டியில் இரண்டு வளையம் போட்டுப் பார். கோடு மெலிதா? தொடங்கும் இடத்தில் முடிச்சு இல்லையா? சரி, மாடலுக்கு வா. வளையத்தின் நடுவில் தொடங்காதே. காற்றோடு கை சுழலத் தொடங்கி, அந்தச் சுழற்சிக்குள் பெயிண்ட் நுழைய வேண்டும். ஒரே மூச்சில் சுற்று. பாதியில் பயந்து நிறுத்தினால் அங்கே திட்டு விழும். மூடாமல் போனால் போகட்டும், வரேசேத் தொழிலாளியும் அப்படித்தான் விட்டுவிட்டுப் போனான்.

ஒரு வளையம் தடித்துவிட்டது, ஓரம் பஞ்சாகிவிட்டது. என்ன செய்வாய்? பழைய நீயாக இருந்தால் தின்னரை ஊற்றி எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தூங்கப் போயிருப்பாய். இப்போது எடு, மூடிவைத்த மணல் கலவையை. பிரஷ்ஷைக் கழுவிவிட்டு மணலை ஊற்று. வளையத்தின் உள்விளிம்பிலும் வெளிவிளிம்பிலும் மெல்லிய கோடாக ஓட்டு. தடித்த வளையம் கண்ணெதிரே ஒடுங்குவதைப் பார்ப்பாய். மறுபடியும் பச்சை, மறுபடியும் மணல். உலகத்தின் பெரிய மாடலர்கள் காட்டும் அந்தக் கூர்மையான வளையங்களில் பாதி, இப்படி இரண்டு நிறமும் மாறி மாறிச் செதுக்கியவை. முதல் அடியிலேயே எல்லாம் விழுந்துவிடும் கை யாருக்கும் கிடையாது, திருத்தத் தெரிந்த கை உண்டு. ஒவ்வொரு பூச்சும் அவ்வளவு மெலிது. பல தடவை திருத்தினாலும் பேனல் கோடுகள் மூழ்காது.

இந்த வளையங்களையே ஒட்டுப்படமாக அச்சடித்தும் விற்கிறார்கள். அவசரத்துக்கு வாங்குகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நீ அதை வாங்காதே. ஒட்டுப்படம் உனக்கு ஒரு விமானத்தைத் தரும். வளையத்தைக் கையால் அடித்து முடித்தால் மெஸ்ஸர்ஷ்மிட் 109இன் பக்கவாட்டுத் திட்டுகளும், இனி வரப்போகும் எந்த மறைவண்ணமும் உனக்கு வசப்படும்.

இறக்கையை ஒரே உட்காரலில் முடிக்க வேண்டும் என்று வீம்பு பிடிக்காதே. தோள் கனத்தால், கோடு தடிக்க ஆரம்பித்தால், எழுந்து நட. பெயிண்டைக் கிண்ணத்தில் விட்டுவிட்டு நடக்காதே. கொட்டி, தின்னர் விட்டு அலசி, நிறமில்லாமல் வரும்வரை ஊதிவிட்டு நட. வேலை முடிந்த நாளில் ஊசியை உருவித் துடைக்காமல் படுக்காதே. ஊசியில் காய்ந்த நேற்றைய பெயிண்ட் இன்றைய கோட்டைக் கெடுக்கும், நீ மறுபடியும் கையைத் திட்ட ஆரம்பிப்பாய்.

முதல் வளையத்தை வால்பகுதியின் பக்கவாட்டில், கிடைவாலின் நிழல் விழும் இடத்தில் போடு. பார்வை அதிகம் படாத இடம் அது, கை சூடேறுவதற்கு நல்லது. அங்கிருந்து முன்னால் வந்தால் விமானி அறைப் பக்கம் வருவதற்குள் வளையங்கள் சீராகிவிட்டிருக்கும். அழுத்தம் 12. தூரம் ஒரு சென்டிமீட்டர். கிண்ணத்தில் ஐந்தாறு சொட்டுப் பச்சை போதும். முழங்கையை ஊன்றிவிட்டாயா? முதலில் காற்று. அமுக்கு!